பாணனா? தோழியா?

கொச்சிக்கடையில் வாழ்பவனுக்கு மணிக்கூடு வேண்டியதில்லை. விடியலில் அந்தோனியார் கோயில் மணி ஒலிக்கும். அதனை அடுத்துப் பொன்னம்பலவாணேசர் கோயிற் காண்டாமணி ஒலிக்கும். இடையிடையே துறைமுகத்துக் கப்பல்கள் ஊதும். இவ்வோசைகளின் நடுவே பல்லாண்டுகளாக நான் தமிழ் படிப்பித்து வருகிறேன். பகலிற் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, மாலையிற் பண்டித வகுப்பு மாணாக்கருக்கு. எழுத்து, சொல், பொருள் என்னும் மூன்றுக்கும் அப்பால் எனக்கு அதிகம் தெரியாது. அத்தகைய ஒருவன் சமூகப்பணிக் கல்வியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர் வினவுதல் நியாயமே. ஒரு சொல் என்னை இதற்குள் இழுத்து வந்தது.

சென்ற ஆண்டு மழைக்கால மாலை ஒன்றில், பக்கத்து வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த மலையகத்துப் பிள்ளை ஒருத்தி எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்தாள். சமூகப்பணியிற் பட்டப்படிப்புப் படிப்பவள். கையிலே ஒரு கொப்பி இருந்தது.

"ஐயா, பக்கல்ட்டி லியேசன் என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். களப்பயிற்சி அறிக்கையில் எழுத வேண்டும்" என்றாள்.

"இருந்து சொல்லும் பிள்ளை. அவர் யார்? என்ன செய்பவர்? பொருள் தெரியாமற் சொல்லை எப்படித் தருவது?" என்றேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். அன்று கேட்டதும், பின்னர் தேடிப் படித்ததும், கடைசியில் அருகிருந்து கண்டதுமே இக்கட்டுரை. இதில் வருவோரை எவரும் அடையாளங் காணாதபடி விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அப்படி மாற்றவேண்டும் என்பதையும் எனக்கு ஒருவர் படிப்பித்தார். அது பின்னால் வரும்.

நல்ல மனம் போதாதா?

ஏழையர்க்கு உதவுவதற்கும் ஒரு படிப்பா என்று கேட்போர் இன்றும் உளர். நல்ல மனம் இருந்தாற் போதாதா? போதாது என்பதை எங்கள் ஊர் 2019ஆம் ஆண்டிற் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அந்தோனியார் கோயிலிலே குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்த தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்வந்த வாரங்களில் ஆறுதல் சொல்ல வந்தோர் பலர். எங்கள் ஒழுங்கையிலே ஒரு பிள்ளையிடம் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், மறுநாள் இன்னொருவர் என வந்து, "என்ன கண்டாய்? எப்படி இருந்தது?" என்று ஒரே கேள்வியைக் கேட்டனர். கேட்டவர் யாவரும் நல்லவர். மூன்றாம் நாள் அப்பிள்ளை அறைக்கதவைத் திறக்க மறுத்துவிட்டது.

அனர்த்த காலங்களில் உளநலப் பணி எவ்வாறு நடைபெறவேண்டும் என்பது பற்றிச் சர்வதேச அமைப்புகள் கூடி 2007இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. ஒரே ஓர் இருப்பிலே துன்பத்தைக் கிளறிவிட்டுப் போகும் முறை வேண்டாம் என்று அது சொல்கிறது. நல்ல மனத்துக்கும் ஒரு முறைமை வேண்டும். அம்முறைமையைக் கற்பிக்க ஓர் ஆசிரியன் வேண்டும். இது எனக்கு அன்றே ஓரளவு விளங்கியது. ஆனால் அந்த ஆசிரியன் எங்கே நிற்கவேண்டும் என்பது விளங்கவில்லை.

உதவி செய்தலும் ஒரு தொழில் என்னும் எண்ணம் நூறாண்டுக்கு மேற்பட்ட பழைமையுடையது. 1884இல் இலண்டனில் டொயின்பி மண்டபத்திலும், 1889இற் சிக்காகோவில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் தொடங்கிய ஹல் இல்லத்திலும், படித்தவர்கள் ஏழையர் குடியிருப்பின் நடுவே சென்று தங்கிப் பணிபுரிந்தனர். 1897இல் மேரி ரிச்மண்ட் என்னும் அம்மையார் இப்பணிக்கு ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று வற்புறுத்தினார். அடுத்த ஆண்டு நியூயோர்க்கில் ஆறு வாரக் கோடைகால வகுப்பொன்று ஆரம்பமாயிற்று. நம் பக்கத்திலே, பம்பாயின் நாக்பாடா என்னும் தொழிலாளர் பகுதியிற் பணிபுரிந்த கிளிபர்ட் மான்சார்ட் என்பவர் தலைமையில், 1936இல் டாட்டா சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. 1952இற் சென்னையிலே மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் ஒரு பள்ளியை நிறுவினார். அதே 1952இற் கொழும்பிலும் சமூகப்பணிக் கல்விநிலையம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. பின்னர் அக்கல்வி 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் பொறுப்பாயிற்று. அங்கே 2005 முதல் பட்டப்படிப்பும் நடைபெறுகிறது.

இவை யாவற்றிலும் வகுப்பறைப் பாடத்தோடு களப்பயிற்சியும் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பதை நம் கிழவிகள் சொல்வர். இவர்கள் அதைப் பாடத்திட்டத்திலே எழுதி வைத்தார்கள். ஐக்கிய அமெரிக்காவிலே முதற் பட்டத்துக்குக் குறைந்தது 400 மணித்தியாலமும் முதுமாணிப் பட்டத்துக்கு 900 மணித்தியாலமும் களத்தில் நிற்றல் வேண்டும் என்பது விதி. வைத்தியனுக்கு நோயாளியின் கட்டிலருகே நின்று கற்றல் எப்படியோ, சமூகப்பணியாளனுக்குக் களப்பயிற்சி அப்படி. அதுவே இத்தொழிற் கல்வியின் முத்திரை என்று அந்நாட்டுச் சமூகப்பணிக் கல்விப் பேரவை 2008இல் எழுதி வைத்தது.

மூவர்

களப்பயிற்சியிலே மூவர் உளர். ஒருவர் மாணவர். மற்றவர், மாணவர் சென்று பணிபுரியும் நிலையத்திலே உள்ள களமேற்பார்வையாளர். இன்ன வீட்டுக்குப் போ, இன்னதைச் செய் என்று நாளாந்தம் வழிநடத்துபவர். மூன்றாமவர் கல்லூரியிலிருந்து வருபவர். அவரே நம் பிள்ளை பெயர் கேட்ட மனிதர்.

அவர் செய்யும் வேலை என்ன? எந்த மாணவரை எந்த நிலையத்துக்கு அனுப்பலாம் என்று ஆராய்கிறார். மாணவர் அங்கே என்ன கற்கவேண்டும் என்பதை மூவரும் கூடி எழுதிக் கைச்சாத்திடச் செய்கிறார். தவணையிற் சில முறை நிலையத்துக்கே செல்கிறார். மாணவர் ஒவ்வொரு சந்திப்பின் பின்னும் எழுதும் பதிவேட்டை வாசிக்கிறார். அப்பதிவேடு சாதாரண அறிக்கையன்று. "நான் இப்படிக் கேட்டேன், அவர் இப்படிச் சொன்னார், அப்போது என் மனத்தில் இது தோன்றியது" என்று சொல்லுக்குச் சொல் எழுதப்படுவது. பிணக்கு உண்டானால் தீர்த்து வைக்கிறார். இறுதியில் மாணவரை மதிப்பிடுகிறார்.

கனடாவைச் சேர்ந்த மரியன் போகோ, இலேன் வைடா என்னும் இரு பேராசிரியைகள் 1987இல் வெளியிட்ட நூலிலே களத்திற் கற்றல் நான்கு படிகளாகச் சுழல்வதைக் காட்டினர். நடந்ததை மீட்டு எடுத்தல். அதில் தன் மனம் எப்படி இயங்கியது என்று எண்ணுதல். படித்த கொள்கையோடு அதனை இணைத்தல். அடுத்து என்ன செய்வது என்று துணிதல். முதலாம் படியை மாணவர் தனியாகவே ஏறிவிடலாம். நான்காம் படிக்கு நிலையத்து மேற்பார்வையாளர் கைகொடுப்பார். நடுவிலுள்ள இரண்டு படிகளிலேதான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். அங்கேயே இந்த மூன்றாமவர் பெரிதும் வேண்டப்படுகிறார்.

நம் நாட்டில் அவர் சுமை இன்னும் பெரிது. நிலையங்களிலுள்ள உத்தியோகத்தர் பலர் அனுபவசாலிகள். ஆனால் சமூகப்பணியை ஒரு கல்வியாகப் பயின்றவர் குறைவு. பாடத்தையும் களத்தையும் ஒட்டும் வேலை முழுவதும் கல்லூரியிலிருந்து வருபவர் தலையில் விழுகிறது.

சொல் தேடியது

"தூதர் என்று எழுதலாமா ஐயா?" என்று அவளே ஒரு சொல்லை நீட்டினாள்.

"ஆகாது பிள்ளை" என்றேன். திருக்குறளிலே தூது என ஓர் அதிகாரமே உண்டு, 69ஆம் அதிகாரம். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதையும் நாம் அறிவோம். ஆயினும் தூதர் ஓர் அரசனுக்கு உரியவர். அவன் காரியம் முடிந்தால் அவர் கடமை முடிந்தது. இங்கே வேண்டப்படுபவர் அத்தகையர் அல்லர்.

பிறகு எனக்கு அகப்பொருள் நினைவுக்கு வந்தது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சென்று பேசுவோரை இலக்கணம் வாயில்கள் என்கிறது. தொல்காப்பியக் கற்பியல் அவர்களைப் பன்னிருவராக எண்ணுகிறது. தோழி, பாணன், விறலி, கூத்தர் எல்லாரும் அதில் அடங்குவர். வாயில் என்பது வீட்டுக்குள்ளும் அன்று, வெளியிலும் அன்று. இரண்டையும் சேர்க்கும் இடம்.

"வாயிலாசிரியர் என்றால் வாயிற்காவலர் என்று நினைத்துவிடுவார்கள் ஐயா" என்று சிரித்தாள். அதுவும் உண்மைதான். அறிக்கைக்கு இணைப்பாசிரியர் என்று எழுதும்படி சொல்லி அனுப்பினேன். அத்தோடு விஷயம் முடிந்தது என்று எண்ணினேன்.

ஒரு கையொப்பம்

இரண்டு வாரம் கழிந்து அவள் மறுபடியும் வந்தாள். முகம் வாடியிருந்தது. பதிவேடு தமிழில் எழுதப்பட்டிருந்தது. நிலையத்துக்குச் சிங்களத்திற் சுருக்கம் கொடுக்க வேண்டும். சில இடங்களிலே தாய் ஒருத்தி சொன்ன சொற்களை எப்படிப் பெயர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னிடம் கொப்பியைத் தந்தாள். நான் வாசித்தேன்.

கொழும்பு வடக்கில் ஒரு தோட்டம். இங்கே தோட்டம் என்றால் தேயிலையன்று. பலகையும் தகரமுமாய் நெருங்கிய குடியிருப்பு. கணவன் விட்டுப்போன ஒரு தாய். பத்து வயதுப் பையன். அவனுக்கு ஒரு தங்கை. பையன் சில மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. அவனைச் சிறுவர் இல்லமொன்றிற் சேர்ப்பதே நல்லது என்று நிலையத்து உத்தியோகத்தர் கருதினார். தாயின் சம்மதக் கையொப்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் வாங்கி வரும்படி மாணவியிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தனுப்பினார். படிவம் சிங்களத்தில் இருந்தது. அத்தாய் சந்தையிலே சிங்களம் பேசுவாள், வாசிக்கமாட்டாள். பள்ளிக்கூடக் கொப்பி, சப்பாத்து வாங்குவதற்கான உதவிப் படிவம் என்றே அவள் எண்ணினாள். "மிஸ் சொன்னாச் சரி" என்று பேனையைக் கையில் எடுத்தாள்.

பேனையை எடுத்தாள் என்ற வரியின் கீழே ஒரு வரி எழுதி அழிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தேன். "எனக்குப் பயமாக இருந்தது" என்று இருந்தது.

"கையொப்பம் வாங்கினீரா?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. பேனையில் மை இல்லை என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை திரும்பப் போக வேண்டும். அவர்தான் எனக்குப் புள்ளி போடுபவர்."

இப்போது என் தவறை ஒப்புக்கொள்கிறேன். பெரியவர்கள் சொல்லும் புத்தியையே நானும் சொன்னேன். "பிள்ளை, நீர் படிக்க வந்தவர். இன்னும் சில மாதந்தான். மேலிடத்தோடு முரண்படாமல் முடித்துக்கொண்டு போம். பட்டத்தை வாங்கிய பிறகு நியாயம் பேசலாம்" என்றேன். இலக்கணம் படிப்பித்தவன் அன்றிரவு நன்றாகவே தூங்கினேன்.

அவள் தூங்கவில்லை. மறுநாட் காலையிலே தன் இணைப்பாசிரியைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

மூவர் கூடிப் பேசியது

அந்த ஆசிரியை சிங்களப் பெண்மணி. தமிழ் தெரியும், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். அடுத்த நாளே பஸ் ஏறி வந்தார். நிலையத்திலே நடந்ததை மாணவி எனக்குச் சொன்னாள்.

ஆசிரியை எவரையும் குற்றஞ் சொல்லவில்லை. உத்தியோகத்தரையும் மாணவியையும் ஒரு மேசைக்கு அழைத்தார். பதிவேட்டை மாணவியைக் கொண்டே வாசிப்பித்தார். தமிழில் ஒரு முறை, சிங்களத்தில் ஒரு முறை. அழித்த வரியையும் வாசிக்கச் சொன்னார். "இந்தக் கொப்பியில் நீர் எழுதிய மிக நல்ல வரி இது. அதைத்தான் அழித்திருக்கிறீர்" என்றாராம்.

பின்பு உத்தியோகத்தரிடம், "உங்கள் அனுபவத்தில் இந்தப் பையன் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். கேட்கவில்லை என்றார். அவர் கொடியவர் அல்லர். ஒருவர் தாங்கக்கூடிய அளவுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. தெருவிலே திரியும் பையன் இல்லத்திலாவது மூன்று வேளை உண்பான் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

ஆசிரியை அதையும் மறுக்கவில்லை. ஒரு நியமத்தை மாத்திரம் எடுத்துச் சொன்னார். சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. மாற்றுப் பராமரிப்புப் பற்றி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டல்கள், வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்கின்றன. வறுமை, குடும்பத்துக்கு உதவவேண்டும் என்பதற்கே அடையாளம். "கையொப்பம் வாங்குவது மாணவியின் கடமை அன்று. விளங்கப்படுத்துவது அவள் கடமை. விளங்கிய பின் கையெழுத்து வைப்பதா இல்லையா என்பது தாயின் உரிமை" என்றார். படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மாணவி இன்னும் இரு முறை அவ்வீட்டுக்குச் சென்று வரட்டும் என்று மூவரும் முடிவு செய்தனர்.

சென்று வந்ததிலே காரணம் தெரிந்தது. தாய் மீன் சந்தை வேலைக்கு விடியற்காலை 4 மணிக்குப் போகிறாள். தங்கைக்குத் துணை வேறில்லை. அண்ணன் வீட்டில் நின்றான். அவ்வளவே. அயலிலுள்ள ஒரு கிழவி காலையில் அக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். அவளுக்கு ஒரு சிறு தொகை கொடுக்க உத்தியோகத்தரே வழி கண்டார். படிவத்தின் பொருளைத் தமிழிற் கேட்ட தாய் அதில் ஒப்பமிடவில்லை. பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான்; எல்லா நாளும் அல்ல, பெரும்பாலான நாள்களில். அவர்கள் வறுமை தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். தீரவில்லை. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையைப் பிரிகிறோம் என்று அறியாமலே பிரியவிருந்தது நிகழாமற் போயிற்று.

எனக்குக் கிடைத்த பாடம்

அன்று மாலை அந்த ஆசிரியை மாணவி தங்கியிருந்த வீட்டைப் பார்க்க வந்தார். அடுத்து எங்கள் வீட்டு விறாந்தைக்கும் வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். மொழிபெயர்ப்பிலே பிள்ளைக்கு உதவியதற்கு நன்றி சொல்ல வந்தார் என்று எண்ணிக் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

"ஐயா, கோபிக்க வேண்டாம். அந்தத் தாயின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு குடும்பம் நம்பிச் சொன்ன செய்தி, எவ்வளவு பெரிய பண்டிதராயினும் மூன்றாம் ஆளுக்குப் போகலாகாது. பெயரும் இடமும் நீக்கிய பின்னரே பிறர் உதவியை நாடவேண்டும். இதை மாணவிக்கும் சொல்லிவிட்டேன் என்றார். குரல் மென்மையாக இருந்தது. சொல் உறுதியாக இருந்தது. ஐம்பது வயது கடந்த என்னை எவரும் திருத்திப் பல காலம் ஆகிவிட்டது. வெட்கமாய் இருந்தது, உண்மையைச் சொன்னால் மகிழ்ச்சியாகவும் இருந்தது. தம் மாணவியைக் காப்பாற்ற ஓடி வந்தவர், மாணவியின் பிழையை மறைக்கவில்லை. அவளைக் காத்த அதே நாளில் அவளைத் திருத்தியும் விட்டார்.

அவர் போன பின்னரே, நான் பாதியில் விட்ட வாயில் இலக்கணம் முழுவதும் விளங்கியது. பாணனும் வாயில்தான், தோழியும் வாயில்தான். ஆனால் பாணன் தலைவன் சோற்றை உண்பவன். தலைவன் செய்தது எதுவாயினும் அதனை நயமாகப் பேசி முடிப்பது அவன் வழக்கம். ஆதலாலேயே மருதத் திணைத் தலைவி அவன் சொல்லை நம்பாது வாயில் மறுக்கிறாள். தோழி அப்படியல்லள். அவள் தலைவனோடும் பேசுவாள், செவிலியோடும் பேசுவாள். தலைவியை இடித்துரைக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. காலம் தாழ்த்தினாற் கேடு வரும் என்று காணும்போது, சொல்லவேண்டியவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவாள். அதற்கு இலக்கணம் இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் என அது முறையாக ஏறிச் செல்லும். எவரையும் அவமதியாது, எவரையும் தாண்டிப் பாயாது, ஆயினும் உண்மையை விடாது.

பயிற்சிக்கு இடந்தரும் நிலையங்கள் குறைவு. ஒரு நிலையம் கோபித்துக்கொண்டால் அடுத்த ஆண்டு மாணவருக்கு இடமில்லை. ஆகையால் நிலையத்தின் மனங்கோணாமற் பேசிவிட்டுப் போவோம் என்று இணைப்பாசிரியர் ஒருவர் எண்ணுவது எளிது. அன்றிரவு நான் சொன்ன புத்தியும் அத்தகையதே. அது பாணன் வாயில். அந்த அம்மையார் வந்து நின்றது தோழி வாயில்.

ஆசிரிய உலகுக்குச் சில சொற்கள்

ஆசிரியராக உள்ள வாசகர்க்கு இது புதிதன்று. நம்முடைய கற்பித்தற் பயிற்சியை நினைத்துப் பாருங்கள். நான் பயிற்சி பெற்ற காலத்தில் என்னைப் பார்வையிட இருவர் வந்தனர். ஒருவர் வாசலில் நின்று சம்பவப் புத்தகத்திற் கையெழுத்திட்டு, அதிபரோடு தேநீர் அருந்திப் போனார். மற்றவர் கடைசி வாங்கிலே பிள்ளைகளோடு இருந்தார். பாடம் முடிந்ததும், "மூன்றாம் வரிசையில் ஒரு பையன் அரைமணி நேரமாகக் கையுயர்த்திக் கொண்டிருந்தான், கண்டீரா?" என்று கேட்டார். நான் காணவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் மூன்றாம் வரிசையை மறக்கவில்லை. முன்னவர் எனக்கு எத்தனை புள்ளி இட்டார் என்பது நினைவில்லை.

சமூகப்பணிக் கல்வி நிலையங்களை நடத்துவோர் எண்ணத்தக்கவை சில உண்டு. இணைப்பாசிரியரின் நிலையப் பயணம் அவருடைய வேலை நேரமாகக் கணிக்கப்படவேண்டும். ஆய்வுக் கட்டுரைக்குப் பதவி உயர்வு உண்டு; மழையில் நனைந்து ஒரு நிலையத்துக்குப் போய் வந்ததற்குப் புள்ளியில்லை என்றால், போகிறவர் குறைவர். இக்குறை நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. மேலை நாடுகளிலும் இவ்வாறே முறையிடுகின்றனர். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே திரையிற் பேசப் பழகினோம். அது உபகாரமானதே. ஆயினும் அழித்த வரியைத் திரையிலே காணமுடியுமா? கொப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்திற் பிடித்தவருக்கே அது தெரியும்.

நிலையத்து உத்தியோகத்தருக்கும் பயிற்சியும் ஆதரவும் கொடுத்தல் வேண்டும். உலகச் சமூகப்பணி அமைப்புகள் 2004இல் அடிலெயிட் நகரிலே ஏற்றுக்கொண்ட கல்வி நியமங்கள் இதனை வற்புறுத்துகின்றன. மூன்றாவதாக மொழி. கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் ஏழையின் துயரம் தமிழிலே பேசுகிறது. கந்தோர்ப் படிவம் பெரும்பாலும் சிங்களத்திலே பேசுகிறது. இடையில் நிற்பவருக்கு இரண்டும் தெரிந்திருத்தல் நலம். அந்த அம்மையார் தமிழ் அறியாதவராயிருந்தால், அந்தத் தாயின் "மிஸ் சொன்னாச் சரி" என்ற நான்கு அசைச் சொல்லிலுள்ள ஆபத்து அவருக்குக் கேட்டிருக்காது.

அப்பிள்ளை இவ்வாண்டு தன் இறுதிப் பயிற்சிக்காக மலையகம் போய்விட்டாள். போகுமுன் வந்து விடைபெற்றாள். "ஐயா, இணைப்பாசிரியர் என்ற சொல்லையே அறிக்கையில் வைத்துவிட்டேன்" என்றாள்.

"வையும் பிள்ளை, சொல் அதுவாகவே இருக்கட்டும்" என்றேன். "நாளைக்கு நீரும் ஒரு நிலையத்தில் இருப்பீர். உம்மிடமும் ஒரு மாணவி வருவாள். அவளுடைய ஆசிரியை உம் மேசைக்கு முன் வந்து இருந்து கேள்வி கேட்கும்போது கோபிக்காதேயும்."

சிரித்துக்கொண்டு தலையசைத்தாள். மாலை மணி ஒலித்தது. பண்டித வகுப்பு மாணாக்கர் விறாந்தையில் வந்து இருந்தனர். அன்றைய பாடம் களவியல். அறத்தொடு நிற்றலைப் பல ஆண்டுகளாகப் படிப்பித்து வந்திருக்கிறேன். அன்று முதன்முறையாகப் படித்துவிட்டுப் படிப்பித்தேன்.